காரை நாமே சரி செய்யலாமா? மெக்கானிக்கிடம் விடலாமா?

காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைய மறுக்கிறது. வண்டி ஓடுகிறது. சத்தத்திலும் பெரிய மாற்றம் இல்லை. உடனே மெக்கானிக்கிடம் போனால் எவ்வளவு கேட்பார் என்ற கவலை ஒரு பக்கம். நாமே பார்த்தால் என்ன என்ற ஆசை இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டுக்காரர், "பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுங்க சார், போயிடும்" என்கிறார். யூ டியூபில் ஒருவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டுகிறார்.

கம்ப்யூட்டர் இதழில் கார் ரிப்பேர் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைய கார் நான்கு சக்கரம் வைத்த ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க். தனக்கு என்ன கோளாறு என்பதை அது தானே பதிவு செய்து வைக்கிறது. அந்தப் பதிவைப் படிக்க உங்களிடம் இருக்கும் லேப்டாப்பும் மொபைல் போனும் போதும். படித்துவிட்டால், எந்த வேலையை நாம் செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்று முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

அம்பாசடர், பத்மினி கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். ஒரு ஸ்குரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் அதனைச் சரி செய்துவிடலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்புரேட்டரின் இடத்தை எலக்ட்ரானிக் பியூயல் இன்ஜெக்ஷன் பிடித்தது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதையெல்லாம் ஈ.சி.யு. எனப்படும் ஒரு சிறிய பெட்டி முடிவு செய்யத் தொடங்கியது. இதனுள் பிராசசர் உண்டு, மெமரி உண்டு, எழுதி வைத்த புரோகிராம் உண்டு. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பதிலாக, வெப்பம், காற்று, ஆக்சிஜன், வேகம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள் உண்டு. மானிட்டருக்குப் பதிலாக அந்த மஞ்சள் விளக்கு.

ஈ.சி.யு. ஒன்றோடு நிற்பதில்லை. பிரேக்கிற்கு ஒன்று, ஏர்பேக்கிற்கு ஒன்று, கதவுக் கண்ணாடிகளுக்கு ஒன்று எனப் பல பெட்டிகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய கேன் என்னும் நெட்வொர்க் முறை பயன்படுகிறது. ஆபீஸில் பல கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் இணைப்பது போலத்தான்.

ஸ்டியரிங்கிற்குக் கீழே ஒரு போர்ட்

கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. போர்ட் இருப்பது போல, காரில் 16 பின்கள் கொண்ட ஒரு போர்ட் உள்ளது. பெரும்பாலும் ஸ்டியரிங்கிற்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேல் இருக்கும். இதனை ஓ.பி.டி. போர்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓ.பி.டி.-2 கட்டாயமானது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. எனவே உங்கள் கார் 2013க்குப் பின் வாங்கியது என்றால் கவலை இல்லை. அதற்கு முந்தைய கார் என்றால், போர்ட் இருந்தாலும் சாதாரணக் கருவிகளோடு அது பேசாமல் போகலாம்.

இதில் செருக ஒரு சிறிய அடாப்டர் வேண்டும். கடைகளில் "எல்ம் 327" என்று கேட்டால் தருவார்கள். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த சிப்பின் பெயர் அது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். அவற்றில் சில எல்லாக் கட்டளைகளையும் ஏற்பதில்லை. எனவே பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்கவும். ஆண்ட்ராய்ட் போனுக்கும் விண்டோஸ் லேப்டாப்பிற்கும் சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் வைத்திருப்போர் வை-பை அல்லது புளூடூத் எல்.இ. வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோட் படிப்பது எப்படி?

1. காரை நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடவும். என்ஜினை நிறுத்தவும்.
2. அடாப்டரை ஓ.பி.டி. போர்ட்டில் செருகவும். அழுத்தித் திணிக்க வேண்டாம். சரியான பக்கம் வைத்தால் எளிதாகப் போகும்.
3. சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பவும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காமல் பட்டனை அழுத்தவும். பல கார்களில் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும்.
4. போனில் புளூடூத் மூலம் அடாப்டரை இணைக்கவும். பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 தந்து பார்க்கவும்.
5. டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப் ஒன்றைத் திறந்து, பதிவான கோட்களைப் படிக்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.
6. திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும். கோளாறு ஏற்பட்ட நொடியில் வேகம், வெப்பம் என்ன என்று ஈ.சி.யு. பிடித்து வைத்த விவரமும் அதனுடன் இருக்கும். அதனையும் எடுத்து வைக்கவும்.
7. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும்.

கடைசி வரிக்கு இரண்டு காரணங்கள். அந்தப் போர்ட்டில் ஒரு பின்னுக்கு எப்போதும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அடாப்டரை மாட்டியே வைத்தால் பேட்டரி மெல்ல இறங்கும். மேலும் 1234 என்ற பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. அதே போல ஆப்பை பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் ஆகியவற்றில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்யவும். "இலவச முழு பதிப்பு" என்று வேறு தளங்களில் கிடைப்பவற்றில் வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம்.

கோட் என்பது தீர்ப்பு அல்ல

கோட் ஓர் எழுத்தில் தொடங்கும். பி என்றால் என்ஜின், கியர் பகுதி. சி என்றால் பிரேக் போன்ற அடிப்பகுதி. பி.ஓ.டி.ஒய். என்பதன் முதல் எழுத்து வந்தால் பாடி. யு என்றால் பெட்டிகளுக்கு இடையிலான நெட்வொர்க் கோளாறு. எழுத்துக்குப் பின் நான்கு இலக்கங்கள்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். கோட், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த இடத்தில் அளவு மாறுபட்டது என்று மட்டுமே சொல்கிறது. கம்ப்யூட்டர் திரையில் வரும் எர்ரர் மெசேஜ் போலத்தான். "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்றால் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, கேபிள் கழன்றிருக்கலாம்.

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

பி 0113: என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் இருந்து வரும் சிக்னல் அளவுக்கு மேல் உள்ளது. ஏர் பில்டர் மாற்றிய மறுநாள் இந்தக் கோட் வந்தால், சென்சார் வாங்க ஓட வேண்டாம். பில்டரைக் கழற்றும்போது உருவிய கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

பி 0301: முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் என எதுவும் காரணமாகலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள காரில் நல்ல மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? என்ஜின் ஆறிய பின், முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போடுவார். கோட்டை அழித்து, சிறிது தூரம் ஓட்டுவார். இப்போது பி 0302 என்று வந்தால் கோளாறும் இடம் மாறிவிட்டது. எனவே காயில்தான் குற்றவாளி. கம்ப்யூட்டரில் எந்த ராம் பழுது என்று கண்டுபிடிக்க ஸ்லாட் மாற்றிப் பார்க்கிறோமே, அதே முறை. இதைச் செய்யாமல் நான்கு காயிலையும் மாற்றினால் மூன்று காயிலின் பணம் வீண்.

பி 0420: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துள்ளது. இது விலை உயர்ந்த பாகம். ஆனால் புகைக் குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் களைத்துப் போனாலும் இதே கோட் வரலாம். இதற்குச் சோதனைக் கருவிகளும் அனுபவமும் வேண்டும். மெக்கானிக்கிடம் விடவும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது போல பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம். கோளாறு போகாது; சாட்சிதான் அழியும். மெக்கானிக் பார்க்க வேண்டிய பதிவும் சேர்ந்து போய்விடும். எனவே எழுதி வைக்கும் முன் எதையும் அழிக்க வேண்டாம்.

விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால், சில நாட்களுக்குள் பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போகிறது என்று பொருள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும். மெதுவாக ஓரம் கட்டவும். ஆயில் கேன் படமோ வெப்பமானி படமோ சிவப்பில் எரிந்தால் உடனே நிறுத்தி என்ஜினை அணைக்கவும். அங்கே கோட் படிக்கவும் நேரமில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் என்ஜினே போகலாம்.

நாமே செய்யக்கூடியவை

* டயர் காற்று பார்த்தல். டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவின்படி.
* ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்த்தல். கூலன்ட் அளவை வெளியிலிருந்தே பார்த்தல். சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
* வைப்பர் பிளேடு, ஏர் பில்டர், ஏ.சி. பில்டர் மாற்றுதல்.
* பியூஸ் மாற்றுதல். பழையதன் ஆம்பியர் அளவிலேயே புதியதைப் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய அளவு போட்டால் ஒயர் எரியும்.
* பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தல். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சில கார்களில் இதன் பின் கடிகாரமும் கண்ணாடி ஏறும் அமைப்பும் மீண்டும் செட் செய்யப்பட வேண்டும்.
* ஸ்டெப்னி மாற்றுதல்.

தொடக் கூடாதவை

* பிரேக். தவறு நடந்தால் அது தெரியவரும் இடம் சிக்னல் அல்லது வளைவாக இருக்கும்.
* ஏர்பேக். மஞ்சள் உறை போட்ட ஒயர்களைத் தொட வேண்டாம். வெடிமருந்தால் விரியும் பொருள் அது.
* டீசல் காரின் எரிபொருள் குழாய்கள். உள்ளே ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும், தோலைத் துளைக்கும்.
* ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்கள். உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் உண்டு.
* ஏ.சி. கேஸ், டைமிங் பெல்ட்.
* ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் படுப்பது. ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அது சரிந்தால் நகர நேரம் இருக்காது.

எக்ஸெல் சொல்லும் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியும் எக்ஸெல் எதற்கு என்று தெரியாமல் இருப்போர் உண்டு. இதோ ஒரு வேலை. புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றில் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைத் தரவும்: வேலை, உயிருக்கு ஆபத்து உண்டா, பொருள் விலை, கருவி விலை, எத்தனை முறை பயன்படும், எனக்கு ஆகும் நேரம், மெக்கானிக் கேட்கும் மொத்தத் தொகை, தவறினால் ஆகும் செலவு.

இரண்டாவது கட்டத்தில் "ஆம்" என்று எழுத நேர்ந்தால் அந்த வரிசையை அத்தோடு விட்டுவிடவும். மீதிக் கணக்கு தேவை இல்லை. "இல்லை" என்றால் மேலே போகலாம். கருவி விலையை, அது எத்தனை முறை பயன்படுமோ அந்த எண்ணால் வகுத்து, பொருள் விலையோடு கூட்டவும். மெக்கானிக் தொகையில் இருந்து இதனைக் கழித்தால் வருவதே உங்கள் லாபம்.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களைப் போடுவோம். ஏர் பில்டர் 400 ரூபாய், கருவி தேவை இல்லை, மெக்கானிக் 550 கேட்கிறார், உங்களுக்கு 15 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் லாபம் 150 ரூபாய். தாராளமாகச் செய்யலாம். ஆயில் மாற்றுவதற்கு ஸ்டாண்ட், ஸ்பேனர் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகிறது, பத்து முறை பயன்படும் என்றால் ஒரு முறைக்கு 300. ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுபவருக்கு அந்தப் பத்து முறை முடிய பத்து ஆண்டுகள் ஆகும். பழைய ஆயிலை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் உண்டு. சாக்கடையில் ஊற்றினால் அது ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். இதில் மெக்கானிக்கே மேல் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது ஷீட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, செலவு, கோட் எண் ஆகியவற்றை எழுதி வரவும். செலவுக் கட்டங்களின் கீழ் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் மொத்தம் வந்துவிடும். பில்லை மொபைலில் படம் எடுத்து அதே போல்டரில் போட்டு வைக்கவும். காரை விற்கும்போது இந்த பைல் நல்ல விலை பெற்றுத் தரும்.

மழை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்

சேக்காடு, ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் பக்கம் இருப்போருக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் எண்ணம், "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்பதுதான். அதுவே பெரிய செலவுக்கு வழி.

காற்றை அழுத்த முடியும். தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது என்ஜின் சுற்றினால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும். அதனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். சுத்தம் செய்து ஓட்ட வேண்டிய கார், என்ஜினைப் பிரிக்க வேண்டிய கார் ஆகிவிடும். நனைந்த கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்துவது போன்றது இது.

சாதாரண இன்சூரன்ஸில், தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட என்ஜின் சேதத்திற்கு இழப்பீடு கிடைப்பது கடினம். அதற்கென என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உள்ளது. பாலிசியின் பி.டி.எப். பைலை இன்றே திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, என்ஜின் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கார் நனைந்துவிட்டால் செய்ய வேண்டியது: சாவியைப் போட வேண்டாம். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுக்கவும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லவும். தண்ணீர் முழுதும் வடிந்து, எளிதாக எட்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றவும். பிறகு வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்பவும். எலக்ட்ரிக் கார் என்றால் அருகிலேயே போகாமல் கம்பெனியை அழைக்கவும்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

சி.டி.எச். ரோட்டில் பாடியில் இருந்து பட்டாபிராம் வரை போனால், கார் உலகத்தோடு இந்தப் பகுதிக்கு உள்ள உறவு தெரியும். பாடியில் 1960களின் தொடக்கத்தில் இருந்தே சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் ஆலைகள் உள்ளன. ஆவடியில் 1961ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை ராணுவ டாங்கிகளையே செய்கிறது. எனவே இங்கே கை தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் நாம் போகும் விதத்தில் தான் செலவு கூடுவதும் குறைவதும் உள்ளது.

"அண்ணே, பி 0301 வந்திருக்கு; காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் உதறுது" என்று ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். "இதை மாத்துங்க" என்று சொல்ல வேண்டாம். அறிகுறியைச் சொல்லுங்கள், முடிவை அவர் சொல்லட்டும். வேலை தொடங்கும் முன் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் ஒரு முறை கோட் படித்து, சுத்தமாக இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

வெளியில் காட்டினால் வாரண்டி போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் கூறியது. நிறுவனங்கள் இதனை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய அரசும் 2022 டிசம்பரில், ரிப்பேர் செய்யும் உரிமைக்கென ஓர் இணைய தளத்தைத் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. ஆனாலும் நடைமுறையில், வாரண்டி முடியும் வரை கம்பெனி சொல்லும் சர்வீஸ்களைக் காலத்தில் செய்து, பில்களை வைத்துக்கொள்வதே வம்பில்லாத வழி. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை, உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலைக் கம்பெனியின் தளத்தில் இருந்து டவுண்லோட் செய்வது. மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்று சரி பார்க்கவும். யூ டியூபில் காட்டும் கார் உங்கள் கார் போலவே தெரிந்தாலும் உள்ளே என்ஜின் வேறாக இருக்கலாம். இரண்டாவது, எக்ஸெல் பைலை உருவாக்குவது. மூன்றாவது, விளக்கு எரியாதபோதே ஒரு முறை அடாப்டரை மாட்டி, நல்ல நிலையில் கூலன்ட் வெப்பம், பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று குறித்து வைப்பது. நல்ல நாளில் எடுத்த அளவு இருந்தால்தான் கெட்ட நாளின் அளவு புரியும். அந்த மூன்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம். அதற்கு ஸ்பேனர் எதுவும் தேவை இல்லை.